எழுத்து மட்டும் முடிந்திருந்தது

எங்கள் பக்கத்தில் கல்யாணம் இரண்டு தடவை நடக்கும். முதலில் எழுத்து. பதிவாளர் வீட்டுக்கு வருவார், இருவரும் கையெழுத்து வைப்பார்கள், வடையும் தேநீரும் கொடுத்து அனுப்பிவிடுவோம். தாலி பிறகுதான். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் அந்தப் பிறகு வருசக் கணக்கில் நீளும். பெண்ணை அங்கே கூப்பிடும் ஸ்பொன்சர் அலுவலுக்குப் பதிவுத் துண்டு வேண்டும் என்பதால் எழுத்தை முந்தியே முடித்துவிடுவார்கள். என் தங்கைக்கும் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் அப்படித்தான் முடிந்தது. “உது வெறும் பேப்பர்தானே” என்றார் அம்மா. அன்றைக்கு மாப்பிள்ளையை வீட்டில் தங்கக்கூட விடவில்லை. தாலி கட்டாத ஆணை எப்படித் தங்கவிடுவது?

அவன் கனடாவுக்குப் போய், போன வருசம் தாலி கட்டவென்று திரும்பி வந்தான். வந்த கிழமையே கூறைச் சேலை எடுக்கத் தங்கையைக் கூட்டிப் போனான். எழுத்து முடிந்த பிள்ளைதானே என்று அம்மா விட்டுவிட்டார். பின்னேரம் தங்கை ஓட்டோவில் தனியாக வந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

“ஹோட்டல் வாசலிலை காரை நிப்பாட்டினவன் அக்கா. நான் மாட்டன் எண்டன். சிரிச்சான். நீ என்ரை மனுசி, உன்னட்டைக் கேட்டோ செய்யவேணும் எண்டான்.” மணிக்கட்டைக் காட்டினாள். சிவந்து கன்றியிருந்தது. கையை உதறிவிட்டு, தெருவில் வந்த ஓட்டோவை மறித்து ஏறியிருக்கிறாள்.

“நாளைக்கு வாறானாம். ரெண்டு நாள் திருகோணமலைக்குப் போகவேணுமாம். நான் வேண்டாம் எண்டு சொல்லச் சொல்ல அவன் ஏதும் செய்தால் அது குற்றம்தானே அக்கா? நீ உந்தக் கேஸெல்லாம் அடிக்கிறனி, சொல்லு.”

“குற்றம்தான், பயப்பிடாதை” என்றேன்.

யாழ்ப்பாணம் நகரில் ஒரு பெண் சட்டத்தரணியிடம் எனக்குத் தட்டச்சு வேலை. அந்தச் சட்டம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. சம்மதம் இல்லாமல் உறவு கொண்டால் வன்புணர்வு. பயமுறுத்தி வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை. உடம்பில் காயமில்லை, ஆகவே அவள் சம்மதித்தாள் என்றும் வாதாட முடியாது. எங்கள் அலுவலக வாங்கில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த எத்தனையோ பெண்களை இதைச் சொல்லித்தான் தேற்றியிருக்கிறேன். தங்கைக்கும் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

மறுநாள் எங்கள் சட்டத்தரணி மிஸ்ஸிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் கோப்பிலிருந்து தலை நிமிர்த்தாமல் கேட்டார்: “எழுத்து முடிஞ்சுதோ?”

“ஓம் மிஸ். ஆனா தாலி கட்டேல்லை.”

கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி வராது.

“சட்டத்துக்குத் தாலி தெரியாது பிள்ளை. கையெழுத்து வைச்ச அண்டைக்கே அவ பெஞ்சாதி. கோட்டாலை பிரிச்சு வைச்ச பெஞ்சாதி எண்டால் மட்டும்தான் சம்மதிச்சாவோ எண்ட கேள்வி வரும். மற்றப்படி புருசனிலை அந்தக் குற்றம் நிக்காது. அடிச்சால், மிரட்டினால் பாதுகாப்புக் கட்டளை கேக்கலாம். அதை இண்டைக்கே எழுதுவம்.”

“அப்ப அவள் வேண்டாம் எண்டு சொன்னது?”

“அதுக்கு உந்தச் சட்டத்திலை இடமில்லை.”

அட கடவுளே, நீதிமன்றம் பிரித்து வைத்த மனைவி என்ற அந்த வரியை எத்தனை தரம் அடித்திருப்பேன்! யாரோ ஊர்ப்பெண்களைப் பற்றிய வரி என்றுதான் கடந்து போயிருக்கிறேன். நாசமாய்ப் போன எழுத்து, நாசமாய்ப் போன ஸ்பொன்சர் என்று திட்டிக்கொண்டே, கட்டளை மனுவை மிஸ்ஸிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். கொக்குவில் ரயில் கடவை மூடிக் கிடந்தது. தங்கைக்குப் போன் எடுத்தேன், பதில் இல்லை. அம்மாவும் எடுக்கவில்லை. ரயில் போய் முடியுமட்டும் எனக்கு உயிர் உயிராக இல்லை.

எங்கள் கேற்றடியில் அவனுடைய கார் நின்றது. அவன் விறாந்தையில் கதிரையில் இருந்தான். அம்மா தேநீர்த் தட்டத்தோடு நின்றார். தங்கையின் அறை உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. அந்தக் கதவைக் கண்டதும்தான் மூச்சு வந்தது.

“வாங்கோ அக்கா. அவவை வெளிக்கிடச் சொல்லுங்கோ, நேரம் போகுது” என்றான், நல்ல மரியாதையாக. அந்த மரியாதை எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது.

“தம்பி, தாலி கட்ட முதல் வெளியூர் போறது எங்கடை பக்கத்திலை வழக்கமில்லை” என்றார் அம்மா.

“மாமி, அவ என்ரை மனுசி. நீங்கள்தானே எழுதித் தந்தனீங்கள்.”

அம்மா என்னைப் பார்த்தார். கேஸ் அடிக்கிற மகள் “இல்லை” என்று சொல்லுவாள் என்ற நம்பிக்கை அந்தப் பார்வையில் இருந்தது. “உவர் சொல்லுறது உண்மையோ பிள்ளை?”

“ஓம் அம்மா.”

அம்மா தேநீர்த் தட்டத்தை மேசையில் வைத்தார். பிறகு போய், தங்கையின் அறைக் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார். மாப்பிள்ளைக்கு முன்னால் ஒரு நாளும் குரல் உயர்த்தாத மனுசி.

“அவள் வரமாட்டாள் தம்பி. நீங்கள் போங்கோ.”

அவன் எழுந்து கிட்ட வந்தான். ஓடிப்போய் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“என்ரை மனுசியை நான் நினைச்ச நேரம் வந்து கூட்டிக்கொண்டு போவன். ஆர் மறிக்கிறது எண்டு பாப்பம்.”

கார்ச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் தங்கை கதவைத் திறந்தாள். “எனக்கு உந்தக் கல்யாணம் வேண்டாம் அம்மா.”

“வேண்டாமெண்டால் விடு. தாலியே கட்டேல்லை, நிப்பாட்டினால் சரிதானே” என்றார் அம்மா.

நான்தான் சொல்லவேண்டியிருந்தது. “நிப்பாட்ட ஏலாது அம்மா. அது முடிஞ்சுபோச்சு. இனி விவாகரத்துக் கேஸ்தான் போடவேணும். வருசக் கணக்கா இழுக்கும்.”

“அதுவரைக்கும்?” என்று கேட்டாள் தங்கை.

அம்மா இறங்கிப் போய், பட்டப்பகலில் கேற்றுக்குப் பூட்டுப் போட்டார். திரும்பி வந்து பூட்டின் திறப்பைத் தங்கையின் கையில் வைத்தார்.