நான்கு மீட்டர் அறுபத்தேழு

எங்கள் வீட்டில் எதற்காவது தகராறு வந்தால் "நோட்ட எடு" என்பார்கள். கல்யாணத்துக்கு முந்திய வருஷத்திலிருந்து நான் நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை பெய்த நாள், குக்கர் வெடித்த நாள், மகளுக்கு முதல் பல் விழுந்த நாள், நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தின் பெயர், அதைத் திருப்பிக் கொடுத்த தேதி, எல்லாம் அதில் உண்டு. நோட்டை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் நான் சொன்னதே சரியாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

வீடு கங்கைகொண்டான் பக்கம். கணவருக்கு அங்கே தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. நான் திருநெல்வேலி ஜங்ஷனில், நிலம் அளந்து வரைபடம் போட்டுக்கொடுக்கும் ஓர் அண்ணாச்சியின் அலுவலகத்தில் தட்டச்சும் கோப்புகளும் பார்க்கிறேன். எங்களுக்கு ஒரே மகள். எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள்.

ஒன்பதாம் வகுப்பில், சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டிக்குப் போய் நான்காவதாக வந்தாள். இரண்டு நிமிடம் முப்பத்தெட்டு விநாடி. அன்று அவளுடைய பி.டி. டீச்சர் என்னிடம், "மூச்சு நல்லா இருக்கு. காலுதான் இன்னும் அந்த மூச்ச நம்ப மாட்டேங்கு" என்றார். அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்பு நெருங்கியபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. காலையில் ஓட்டம், மாலையில் ஓட்டம், எட்டு மணிக்கெல்லாம் புத்தகத்தின் மேலேயே தூக்கம். ஓட்டத்தை விடு என்று சொல்ல மனம் வரவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாட்குறிப்பிலேயே ஓர் ஒப்பந்தம் எழுதினேன்: மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் எண்ணூறு மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓடினால் பத்தாம் வகுப்பிலும் ஓடலாம். இல்லையென்றால் ஒரு வருஷத்துக்கு ஓட்டம் கிடையாது, ட்யூஷன் மட்டும்.

மகள் வாசித்துப் பார்த்தாள். "சரியா ரெண்டு முப்பதுன்னா?"

"ரெண்டு முப்பதுக்குள்ளன்னா உள்ளதான்."

"நீ அம்மாவா, தாசில்தாரா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக் கையெழுத்து அவள் அப்பாவுடையது.

பள்ளி மைதானம் சிறியது, விடுமுறையில் பூட்டியும் விடுவார்கள். ஊருக்குக் கிழக்கே எங்கள் மானாவாரிக் குளம் கோடையில் வறண்டு, தரை சிமெண்ட் போல இறுகிக் கிடக்கும். அதில் ஓடுபாதை போடுவது என்று முடிவாயிற்று. அலுவலகத்தில் ஒரு சாக்குப்பைக்குள் இரும்பு அளவுச் சங்கிலி ஒன்று கிடந்தது. இப்போதெல்லாம் கருவி வைத்து அளப்பதால் அதை யாரும் தொடுவதில்லை. அண்ணாச்சியிடம் கேட்டேன். "கொண்டு போ தாயி, துருப்பிடிச்சுக் கெடக்கு" என்றார்.

வீட்டில் சங்கிலியின் கண்ணிகளை எண்ணினேன். சரியாக நூறு. ஒரு கண்ணி இருபது சென்டிமீட்டர், நூறு கண்ணி இருபது மீட்டர் என்று அலுவலகத்தில் எத்தனை தடவை தட்டச்சு செய்திருப்பேன். நேர்க்கோடு நான்கு சங்கிலி, வளைவு ஆறு சங்கிலி, இரண்டு பக்கமும் சேர்த்து இருபது சங்கிலி. ஆக நானூறு மீட்டர். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் காலையில் ஷிப்டு முடிந்து வந்த கையோடு கணவர் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைப் பிடித்து, மகள் முளை அடித்தாள். ஒரு வளைவு எனக்குத் திருப்தி இல்லாமல் மறுபடி அளந்தோம்.

"ஏட்டி, கோயில் கட்டப் போறியா இங்கன?" என்றார் கணவர்.

"அளவுன்னா அளவா இருக்கணும்லா."

சுண்ணாம்புக் கோடு போட்ட மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், காட்டிலிருந்து வந்த புள்ளிமான்கள் கோட்டின் மேலேயே நடந்து போயிருந்தன. "பாத்தியா, மானே ஒத்துக்கிட்டு" என்றாள் மகள்.

அதன் பிறகு நோட்டில் பக்கம் பக்கமாக நேரங்கள்தான். டீச்சர் தன் சொந்த ஸ்டாப்வாட்சை எங்களிடம் கொடுத்திருந்தார். ஏப்ரல் முதல் வாரத்தில் இரண்டு முப்பத்தாறு. சித்திரை விசுவுக்கு மறுநாள் இரண்டு முப்பத்து மூன்று. மே நடுவில் இரண்டு முப்பத்தொன்று. அதற்குப் பிறகு இறங்க மறுத்துவிட்டது. முப்பது புள்ளி எட்டு, முப்பது புள்ளி ஆறு, மறுபடி முப்பது புள்ளி எட்டு. ஓடி முடித்ததும் முளையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பாள். நேரத்தைச் சொன்னால் "பொய் சொல்லுத" என்பாள். நான் வாட்சைக் காட்டுவேன்.

மே கடைசி ஞாயிறு. கணவர் விடுப்புப் போட்டு வந்திருந்தார். கடைசி வளைவிலிருந்து அவள் வந்த வேகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பொத்தானை அழுத்திவிட்டுப் பார்த்தேன். இரண்டு முப்பது புள்ளி ஐந்து.

அவள் அப்பா, "அரை செகண்டுதானட்டி. ஒன் கை நடுங்கியிருக்கும்" என்றார்.

"என் கை நடுங்காது" என்றேன். உண்மையிலேயே நடுங்கவில்லை. இப்போது நினைத்தால் அந்த வாக்கியம்தான் வலிக்கிறது.

மகள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. வீட்டுக்கு வந்து ஷூவைத் துவைத்துக் காயவைத்து, செய்தித்தாளில் சுற்றிப் பரண் மேல் வைத்தாள். டீச்சரிடம் ஸ்டாப்வாட்சைத் திருப்பிக் கொடுக்க நான்தான் போனேன். விஷயத்தைச் சொன்னேன். "ஒங்க பிள்ள, ஒங்க இஷ்டம்" என்றார். வாட்சை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. "இருக்கட்டும், எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு."

ஜூனில் ட்யூஷன் தொடங்கியது. முதல் வாரத்திலேயே இரண்டு நாள் பேருந்தைத் தவறவிட்டாள்.

"தெருமுனை வரைக்கும் பஸ்ஸு வந்து நின்னுச்சாமே. கொஞ்சம் ஓடியிருந்தா பிடிச்சிருக்கலாம்லா" என்றேன்.

"ஓடக் கூடாதுல்லா. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாள். அன்றைய பக்கத்தில் அதை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை மூடாமல் வைத்திருந்தேன்.

மூன்று வாரம் இப்படிப் போனது. ஜூன் கடைசியில், பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தாத்தா காலத்துப் பத்திரத்தோடு அலுவலகத்துக்கு வந்தார். அதில் நிலத்தின் நீளம் கண்ணிக் கணக்கில் இருந்தது. நான் கண்ணிக்கு இருபது சென்டிமீட்டர் என்று போட்டு மீட்டராக்கித் தட்டச்சு செய்து அண்ணாச்சியின் மேசையில் வைத்தேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன தாயி இது? இது பழைய சங்கிலி. அறுவத்தாறு அடி. ஒரு கண்ணிக்கு இருபது சென்டிமீட்டரும் சொச்சமும் வரும். மீட்டர் சங்கிலி பொறவுதான வந்துச்சு."

"ரெண்டுலயும் நூறு கண்ணிதானா அண்ணாச்சி?"

"ரெண்டுலயும் நூறுதான். பழசுல பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளைப் பல்லு தொங்கும். அத வச்சுக் கண்டுபிடிச்சிரலாம்."

பித்தளைப் பற்கள். எங்கள் சங்கிலியில் அவை இருந்தன. அழகாக இருக்கிறதே என்று மகள் துணியால் துடைத்துப் பளபளக்க வைத்திருந்தாள்.

"நான் கொண்டு போனது?"

"அது பழசுதான். எங்கப்பா வச்சிருந்தது. ஏன், என்ன ஆச்சு? ஏன் இப்பிடி வேர்க்கு ஒனக்கு?"

கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். ஒரு சங்கிலிக்குப் பதினோரு சென்டிமீட்டரும் சொச்சமும் கூடுதல். ஒரு சுற்றுக்கு இருபது சங்கிலி, மொத்தம் இரண்டு சுற்று. என் மகள் ஒவ்வொரு முறையும் எண்ணூறு மீட்டருக்கு மேல் நான்கு மீட்டர் அறுபத்தேழு சென்டிமீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறாள். அந்தத் தூரத்துக்கான நேரத்தைக் கழித்தால் மே கடைசி ஞாயிறு அவள் ஓடியது இரண்டு நிமிடம் இருபத்தொன்பது புள்ளி ஆறு. ஒப்பந்தப்படி அவள் ஜெயித்திருக்கிறாள்.

அளவைகளின் வரலாறு பற்றி எத்தனையோ வாசித்திருக்கிறேன். நாடுகள் அளவு மாறும்போது வரும் குழப்பங்களையெல்லாம் படித்து, பிறர் தப்பைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அதே தப்பை என் கையாலேயே குளத்துக்குள் முளையடித்து வைத்திருந்தேன்.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். கணவர் முதலில் விழித்தார், பிறகு சுவரில் சாய்ந்து சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்தாள். விடை அதேதான் வந்தது.

"யம்மா."

"சொல்லு."

"கடைசி அஞ்சாறு எட்டுலதான் எனக்கு உசுரு போச்சு. ஒவ்வொரு நாளும். அது இல்லவே இல்லாத தூரமா?"

"தப்பு என்னோடது" என்றேன். அவளிடம் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை என்று அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். நோட்டில் தேடிப் பார்த்தேன், அவள் சொன்னது சரி.

ஓட்டத்தைத் தொடரலாம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒன் கணக்குல நான் ஜெயிக்க வேண்டாம். சரியா அளந்து ஒரு தடவ ஓடுதேன்" என்றாள். அண்ணாச்சியிடம் ஐம்பது மீட்டர் நாடா வாங்கி வந்து மறுபடி அளந்தோம். வளைவைப் புதிதாகப் போட்டோம். முடியும் இடத்துக்குப் புதுக்கோடு. பழைய முளையை அவள் தூக்கி எறியவில்லை. இரண்டு சுற்றில் கூடிய தூரத்தை அளந்து, புதுக்கோட்டுக்கு அப்பால் அந்த இடத்தில் கொண்டுபோய் அடித்தாள்.

"அது என்னத்துக்குட்டி?"

"அது அம்மா கோடு" என்றாள்.

ஒரு மாதத்துக்கு மேல் ஓடாத கால்கள். இரண்டு நிமிடம் முப்பத்திரண்டு. வாட்சை நீட்டினேன். பார்த்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "இப்ப என்ன எழுதப் போற?"

முன்பென்றால் நான் எழுத்துப்படி நின்றிருப்பேன். "மே மாசம் நீ ஓடியாச்சு. அளக்கத் தெரியாதது நான்தான்" என்றேன். மே கடைசி ஞாயிற்றின் பக்கத்தில் பழைய எண்ணை அடிக்காமல், ஓரத்தில் சிவப்பு மையில் திருத்தம் எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். சாட்சிக் கையெழுத்து இந்த முறை அவளுடையது. ஷூ பரணிலிருந்து இறங்கியது.

குறுவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாள் தாண்டிவிட்டிருக்குமே என்ற கவலையோடு டீச்சரைப் பார்க்கப் போனேன். "பேர நான் எடுக்கவே இல்லையே" என்றார். "அரை செகண்டுக்குப் போயி யாராவது பேர எடுப்பாவளா? நீங்க வருவிய, இல்ல அவளாவது வருவான்னு இருந்தேன்."

அந்த ஜூலை முழுக்க மகள் புதுக்கோட்டில் நிற்கவில்லை. நான் அங்கே பொத்தானை அழுத்துவேன். அவள் அதே வேகத்தில் அம்மா கோடு வரைக்கும் ஓடிவிட்டுத்தான் குனிவாள். என்னைக் கேலி செய்வதற்காகத்தான் தொடங்கினாள் என்று நினைக்கிறேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது. மாலையில் ட்யூஷன், எட்டு மணிக்குப் பழையபடி புத்தகத்தின் மேல் தூக்கம். நான் எழுப்பிவிட்டேன், அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்தாள். அதுவும் நடக்கத்தான் செய்தது.

ஆகஸ்டில் குறுவட்டப் போட்டி. முதல் இரண்டு பேர்தான் மாவட்டத்துக்குப் போகலாம். ஓடுவதற்கு முன் மகள் கோட்டருகில் நின்ற நடுவரிடம் போய் ஏதோ கேட்டாள். அவர் வேலிப் பக்கம் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். என்ன கேட்டாய் என்று பிறகு விசாரித்தேன். "இத யாரு சார் அளந்தா, பித்தளைப் பல்லு இருக்கான்னு எங்கம்மா கேக்கச் சொன்னாவன்னு சொன்னேன்" என்றாள்.

கடைசி நேர்க்கோட்டில் அவள் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள். அவளுக்குச் சற்று முன்னால் இரண்டாவதாகப் போன பெண், கோட்டுக்கு இரண்டு எட்டு இருக்கும்போது முடிந்துவிட்டது என்று உடம்பைத் தளர்த்தினாள். என் மகளுக்கு அந்தக் கோடு முடிவே அல்ல. அதற்கப்பால் அவளுக்கு இன்னும் நான்கு மீட்டர் அறுபத்தேழு இருந்தது. நெஞ்சளவில் முந்தி இரண்டாவது வந்தாள். கோட்டைத் தாண்டியும் ஓடிப்போய், எங்கள் முளை இருந்திருக்க வேண்டிய இடத்தில் குனிந்து நின்றாள். இரண்டு நிமிடம் இருபத்தெட்டு.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கால் நம்பிட்டு" என்றார்.

பாளையங்கோட்டையில் நடந்த மாவட்டப் போட்டியில் ஐந்தாவதாக வந்தாள். அதற்கு மேல் அந்த வருஷம் போக முடியவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் நான் பயந்தது போலவும் இல்லை, ஆசைப்பட்டது போலவும் இல்லை. இப்போது பதினொன்றாம் வகுப்பு. ஓடுகிறாள்.

பேரைப் பட்டியலிலிருந்து எடுக்காத டீச்சருக்கும், கூலி கேட்காமல் இரண்டு தடவை சங்கிலியும் நாடாவும் பிடித்த கணவருக்கும், பித்தளைப் பல்லைச் சொன்ன அண்ணாச்சிக்கும் நான் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். மகளுக்குச் சொல்லப்போனால் கேலி செய்வாள். அந்த வருஷ ஐப்பசி மழையில் குளம் நிறைந்து இரண்டு கோடுகளும் தண்ணீருக்குள் போன அன்று அவளும் நானும் கரையில் நின்றோம்.

"அடுத்த கோடைக்கு முளை எங்கன இருக்குன்னு தெரியாமப் போயிரும்லா" என்றேன்.

"புதுசா அளக்கலாம். நாடா எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள்.

சரி என்றேன். வீட்டுக்கு வந்து அதையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, நோட்டை அவளிடம் நீட்டினேன்.