மருதாயி பேரில் இன்னொரு நம்பர்

மருதாயி எதையும் ஆராயாமல் வாங்குகிறவள் இல்லை. கத்தரிக்காய் வாங்கினால்கூடக் காம்பைத் திருப்பிப் பார்ப்பாள். செந்துறைக்குப் பக்கத்தில், முந்திரிக் காட்டை ஒட்டிய ஊர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கே ஒரு கொட்டகையில் முந்திரிக்கொட்டை உடைக்கிறாள். புருஷன் இளையபெருமாள் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர். அரியலூரில் லோடு ஏற்றினால் பாலக்காடு, திருச்சூர் என்று போய் இறக்கிவிட்டு வர வாரம் ஓடிவிடும். பிள்ளை கிடையாது. பேச்சுத்துணைக்கு ஒரு பட்டன் போன்தான் இருந்தது. அதுவும் ஒருநாள் தண்ணீர் அண்டாவுக்குள் விழுந்து ஊமையாகிவிட்டது.

"டச் போனே வாங்கிடு. மூஞ்சியப் பாத்துப் பேசலாம்ல" என்றார் இளையபெருமாள், அடுத்த லோடுக்குக் கிளம்பும்போது.

போன் எதுவானாலும் எந்தக் கம்பெனி சிம் போடுவது என்பதுதான் அந்த ஊரில் பெரிய விஷயம். ஒன்றுக்குக் கொட்டகையில் டவர் கிடைக்கும், வீட்டுக்கு வந்தால் கிடைக்காது. இன்னொன்று வானம் மூட்டம் போட்டாலே செத்துவிடும். கொட்டகையில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மருதாயி யார் பேச்சையும் எடுத்துக்கொள்ளவில்லை. கூட வேலை செய்கிற சசிகலாவின் போனை ஒரு சாயங்காலம் இரவல் வாங்கிக்கொண்டு, சிக்னல் கோடு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தபடியே காட்டு வழியாக வீடுவரை நடந்தாள். மறுநாள் இன்னொருத்தியின் போன். அடுப்படி மூலையில்கூடக் கோடு குறையாமல் நின்ற கம்பெனி எதுவோ, அதுதான் என்று முடிவு செய்தாள்.

அரியலூர் கடையிலும் அப்படித்தான். போனை வெயிலுக்குக் கொண்டுவந்து எழுத்து தெரிகிறதா என்று பார்த்தாள். லாரி போகிற சத்தத்தில் பேச்சு கேட்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்தாள். கடைக்காரனுக்குப் பொறுமை போகிற அளவுக்குப் பார்த்து, கடைசியில் ஒன்றை எடுத்தாள். "சிம்மு வெளிய குடையில போட்டுக்குங்கக்கா" என்று அனுப்பி வைத்தான் அவன்.

ரோட்டோரம் கம்பெனி பேர் போட்ட குடை. கீழே இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் அட்டையுமாக ஒருவன். மரியாதையாகத்தான் பேசினான். ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை வைக்கச் சொன்னான். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு மருதாயியின் விரலில் ரேகையே தேய்ந்து போயிருந்தது. ரேஷன் கடையிலும் இதே பாடுதான்.

"விழலக்கா. இன்னொரு வாட்டி வைங்க."

வைத்தாள். தன் கைக்குட்டையால் அவள் விரலைத் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கச் சொன்னான். போட்டோ எடுத்தான். கண் மூடிவிட்டதென்று திரும்பவும் எடுத்தான். பிறகு மறுபடி விரல். எத்தனை தடவை என்று அவள் எண்ணவில்லை. தன் விரலால் அந்தப் பையனுக்கு இவ்வளவு சிரமமா என்று கூச்சமாக இருந்தது அவளுக்கு. கடைசியில் சிம் உயிர் பெற்றதும், "ரொம்ப நன்றி தம்பி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

கொஞ்ச நாள் சந்தோஷமாகப் போனது. போனில், லாரி சீட்டில் உட்கார்ந்தபடி இளையபெருமாள் முகம் தெரியும். மலைப்பாதையைக் காட்டுவார். இவள் குழம்பைக் காட்டுவாள். இடையில் இங்கிலீஷில் சில மெசேஜ்கள் வந்தன. சசிகலாவிடம் காட்டினாள். "ஏதோ கம்பெனிக்காரன் அனுப்புறதுக்கா. அழிச்சுடு" என்றாள் அவள். அழித்தாள்.

பிறகு ஒருநாள் டீக்கடைக்காரர் அவளை நிறுத்தினார்.

"ஒன்ன ஒருத்தரு தேடிக்கிட்டு வந்தாரு. ஒன் வூட்டுக்காரர் பேரு, கதவு நம்பர் எல்லாம் கரெக்டா சொல்றாரு. என்னா சேதின்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறாரு."

"எந்த ஊரு ஆளு?"

"தெரியல. பாத்த பார்வ நல்லா இல்ல. சூதானமா இரு."

அந்த வாரமே அந்த ஆளை அவள் பார்த்தாள். எதிர்ச்சாரியில் பூவரச மரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு, இறங்காமல், வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வேட்டி, தோளில் துண்டு. இவள் வாசலுக்கு வந்ததும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். இளையபெருமாளை வீடியோவில் கூப்பிட்டுச் சொன்னாள். படம் தெளிவாகத்தான் இருந்தது. அவர் முகம் கறுத்ததுகூடத் தெரிந்தது. "கதவச் சாத்திக்க. நான் வர இன்னும் நாளாகும்" என்றார்.

ஊர் அடங்கிக் கிடந்த ஒரு மத்தியான வேளையில் அவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை பைக்கை விட்டு இறங்கினார். மருதாயி கதவைச் சாத்துவதற்குள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"நீதான் மருதாயியா?"

"ஆமாங்க. நீங்க யாரு?"

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். "எப்பப் போட்டாலும் அணைச்சே வச்சிருக்கிற. இன்னிக்குக் காலையிலேருந்து ரிங்கு போவுது. ஒன் எதிர்க்கவே போடுறேன். எடு பாப்போம்" என்றபடி ஒரு நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் வைத்தார்.

மணி போனது. மருதாயியின் போன் மாவு டின்னின் மேல் அவர் கண்ணெதிரிலேயே கிடந்தது. அதில் வெளிச்சம்கூட வரவில்லை. அவர் அதைப் பார்த்தார். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வீட்டில் எங்கேயும் சத்தம் இல்லை. அவர் கையில் மட்டும் மணி போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் யாரோ எடுத்தார்கள்.

"யாருடா பேசுறது?" என்றார் அவர்.

ஒரு ஆம்பளைக் குரல் சிரித்தது. "மருதாயி பேசுறேன்" என்றது. இணைப்பு அறுந்தது.

மருதாயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மனுஷனும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுத்தான் சொன்னார்.

பேர் கண்ணையன். தா.பழூரில் நெல் விவசாயம். ஒரே மகள் பரிமளா, அரியலூரில் காலேஜ் படிக்கிறாள். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை என்று ஒரு பொம்பளைப் பேரில் மெசேஜ் வந்திருக்கிறது. போட்டோ கேட்டார்கள், அனுப்பினாள். அந்தப் போட்டோவை அசிங்கமான படமாக மாற்றி, சொன்னபடி கேட்காவிட்டால் ஊருக்கெல்லாம் அனுப்புவோம் என்று மிரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பெண் காலேஜ் போவதை நிறுத்திவிட்டாள். சோறு இறங்குவதில்லை, யாரிடமும் பேச்சும் இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்தபோது அந்த நம்பர் யார் பேரில் இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

"ஒரு பொம்பள பேரு. போலீசு ஆளு அனுப்புறதுக்குள்ள அவ மூஞ்சியப் பாத்துட்டு வந்துடணும்னுதான் அலைஞ்சேன். என்ன செய்யிறதுக்கு வந்தேன்னு எனக்கே தெரியாதும்மா."

மருதாயி தன் கட்டைவிரலைப் பார்த்தாள். குடையடியில் உட்கார்ந்திருந்தவன் கைக்குட்டையால் துடைத்தது ஞாபகம் வந்தது. "வாங்கண்ணே, போவலாம்" என்று கதவைப் பூட்டினாள்.

அரியலூர் சைபர் கிரைம் ஆபீசில் ஒரு பெண் எஸ்.ஐ. மருதாயியின் ஆதார் நம்பரைப் போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் பேரில் ஒன்றல்ல, பல நம்பர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவள் போட்டோ, ஒன்றில் கண் மூடியபடி, இன்னொன்றில் திறந்தபடி. "நீங்க ஒவ்வொரு தடவ விரல் வச்சப்பவும் ஒரு சிம் ஓப்பன் பண்ணியிருக்கான்" என்றார் எஸ்.ஐ. "ஒவ்வொண்ணுக்கும் ஒங்களுக்கு இங்கிலீஷ்ல மெசேஜ் வந்திருக்கும். அதையெல்லாம் மொத்தமா வித்துடுவானுங்க. யாரு கையில இருக்கோ, என்னென்ன பண்ணுறானுங்களோ."

குடை இருந்த இடத்துக்குப் போலீசோடு போனார்கள். ஒரு இளநீர் வண்டி நின்றது. அப்படி ஒருவன் இருந்ததாகவே போன் கடைக்காரன் காட்டிக்கொள்ளவில்லை.

ஊரில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. போலீஸ் விசாரிக்கிறது என்றதும் கொட்டகையில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். சசிகலா மட்டும் இடம் மாறவில்லை. இளையபெருமாள் வந்து சேர்ந்ததும் இருவருமாக தா.பழூர் போனார்கள். கண்ணையன் வீட்டில் உள்ளறையில் பரிமளா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மருதாயி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"என் பேருதான் கண்ணு அது. ஆனா நான் இல்ல. என் மூஞ்சியையும் எடுத்துத்தான் வச்சிருக்கானுங்க."

அந்தப் பெண் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "உங்களுக்கும் பயமா இருக்கா?" என்றாள். பல நாளைக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது என்று கண்ணையன் பிற்பாடு சொன்னார்.

"இருக்கு" என்றாள் மருதாயி.

அடுத்த மாதம் குடைக்காரன் பெரம்பலூரில் பிடிபட்டான். விற்றதை ஒப்புக்கொண்டான், யாரிடம் விற்றான் என்பது தனக்கே தெரியாது என்றான். தெரிந்த நம்பர்களையெல்லாம் நிறுத்தினார்கள். பரிமளா மறுபடி காலேஜ் போக ஆரம்பித்தாள். போனில் சிரித்த அந்தக் குரல் யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை.

எல்லாம் ஓய்ந்தது என்றுதான் மருதாயி நினைத்திருந்தாள். அறுவடை சமயத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு போலீஸ்காரர் பேசினார். நிறுத்துவதற்கு முன்னால் அவள் பேரிலிருந்த இன்னொரு நம்பரை வைத்து அங்கே யாரையோ ஏதோ செய்திருக்கிறார்கள், ஒரு உயிரும் போயிருக்கிறது, நேரில் வந்து வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்றார். என்ன நடந்தது என்று கேட்டதற்கு, வந்தால் தெரியும் என்று வைத்துவிட்டார். அன்றைக்கு முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை.

இளையபெருமாள் லோடை இன்னொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு அவளோடு கிளம்பினார். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் கண்ணையன் ஒரு பையோடு நின்றிருந்தார். பாதி அறுப்பில் நெல்லை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"நீங்க எதுக்குண்ணே இவ்ளோ தூரம்?"

"ஒன் வூட்ல மணி அடிக்கலன்னு அங்கயும் ஒரு ஆளு சொல்லணும்லம்மா" என்றபடி அவர் முதலில் ஏறி, மூன்று பேருக்கும் இடம் பிடித்தார்.

பஸ் கிளம்பியது. போகிற ஊரில் உயிர் போன எந்த வீட்டு வாசலில் போய் நிற்கப்போகிறோம் என்று தெரியாமல் மருதாயி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.