நீல ஜக்கில் கிடந்த மோதிரம்

வாப்பாவின் மோதிரத்தை வெள்ளி என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், வந்த வேலையை மறந்துவிடுவார். எங்கள் ஆட்களில் ஆண்கள் தங்கம் போடுவதில்லை. அதனால் கட்டாரில் வேலை செய்த காலத்தில் பிளாட்டினத்தில் ஒரு மோதிரம் வாங்கிக்கொண்டார். எங்கள் ஊரான திகன கடைத்தெருவில் அதை வெள்ளி என்று நினைக்காத ஆளே இல்லை. வாப்பாவும் சளைக்காமல் ஒவ்வொருவரையும் திருத்திக்கொண்டிருந்தார்.

உம்மா நோயில் விழுந்தபோது எனக்கு எட்டு வயது. மருந்து ஏற்றுவதற்கு அவரைக் கண்டிக்குக் கூட்டிப்போனது என் மாமா, உம்மாவின் தம்பி. அந்த நாட்களில் வீட்டில் யாராலும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வாப்பா வாசலுக்கும் குசினிக்குமாக நடப்பார். தேநீரை ஊற்றிவிட்டுக் குடிக்க மறப்பார். நான் எல்லோருடைய காலிலும் இடறிக்கொண்டு திரிந்தேன். என்ன நோய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மாமாவுக்கு மட்டும்தான் வாய் சும்மா இருக்காது.

மாமாவுக்குக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு கராஜ் இருந்தது. ஒரு நாள் அங்கே ஒரு வேனின் புகைக்குழாயைக் கழற்றி, உள்ளே தேன்கூடு போலிருந்த கட்டியை எனக்குக் காட்டினார். அதில் பூசியிருப்பதும் பிளாட்டினம்தானாம், புகையிலுள்ள நஞ்சை அது முறித்துவிடுமாம். தங்கம் மென்மையான சாமான், போடப் போட இளகிவிடும், பிளாட்டினம் கறுக்கவும் செய்யாது துருப்பிடிக்கவும் செய்யாது என்று அளந்துகொண்டே போனவர், என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, குரலைத் தாழ்த்தினார்.

"உங்கட உம்மாக்கு ஏத்துற மருந்துலயும் இது ஈக்குது, மகள்."

எனக்கு அது போதுமாக இருந்தது. கண்டியில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறார்கள். வீட்டிலோ வாப்பாவின் விரலில் முழுசாக ஒன்று கிடக்கிறது. பெரியவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று எரிச்சலாக வந்தது.

பள்ளிவாசலில் ஓதிக் கொண்டுவந்த தண்ணீர் உம்மாவின் தலைமாட்டில் ஒரு நீல ஜக்கில் மூடியோடு இருக்கும். வாப்பா தொழுகைக்கு வுழூ செய்யும்போது மோதிரத்தைக் கழற்றிக் குழாயடி ஜன்னலில் வைப்பார். அஸர் தொழுகைக்கு அவர் முகம் கழுவிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அதை எடுத்து ஜக்கில் போட்டுவிட்டேன். ஓதிய தண்ணீரும் பிளாட்டினமும் சேர்ந்தால் எந்த நோய் தாங்கும்?

வாப்பா தொழுதுவிட்டு வந்து தேடத் தொடங்கினார். தன் வேனின் சீட்டுகளைத் தூக்கிப் பார்த்தார். மாமாவை வரவழைத்துக் குழாயடியின் கழிவுக் குழாயைக் கழற்ற வைத்தார். கடைசியில் பழி காகத்தின் தலையில் விழுந்தது. சொன்னால் எடுத்துவிடுவார்களே என்ற பயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை உம்மா தண்ணீர் ஊற்ற ஜக்கைச் சரித்தபோது அடியில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அழுகையோடு எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா திட்டவில்லை. கோப்பையில் ஊற்றிய தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டு, ஜக்கை மூடிப் பழைய இடத்திலேயே வைத்தார். வாப்பா மறுபடியும் ஜன்னல் பக்கம் போவதைக் கண்டதும் கூப்பிட்டார்.

"தேடாதீங்க. அது ஊட்டுக்குள்ளதான் ஈக்குது."

அன்றோடு வாப்பா தேடுவதை விட்டுவிட்டார். அவர் சலித்துப்போய்விட்டார் என்று நினைத்தேன். அதன் பிறகு ஜக்கில் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் அவர் அதை அவ்வளவு மெதுவாகச் சரித்தது ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

காலையில் எழுந்ததும் எனக்கு ஜக்கடியில்தான் வேலை. கையைக் கழுவிக்கொண்டு மோதிரத்தை எடுப்பேன், பெருவிரலில் போட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். உம்மா படுத்தபடியே கேட்பார்.

"கரையுதா?"

இன்னும் இல்லை என்பேன். அப்படியென்றால் நாளைக்குப் பார்ப்போம் என்பார். எனக்குத்தான் பொறுமை இல்லை. பள்ளிக்கூடத்திலும் அந்த மோதிரமே நினைப்பு. அது எந்தத் தண்ணீரிலும் கரையாது என்பதை இரசாயனப் பாடத்தில் படித்தபோது உம்மா மௌத்தாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

கடைசி நாட்களில் ஒரு காலை, உம்மா கோப்பைக்காகக் கையை நீட்டினார். அவருடைய தங்க வளையல் மணிக்கட்டைத் தாண்டி, கையை விட்டே கழன்று பாயில் விழுந்தது. முன்பெல்லாம் சவர்க்காரம் போட்டால்தான் கழலும் வளையல் அது. நான் அதை எடுத்துக் கொடுத்தேன்.

"உம்மா, வளையல் பெரிசாகிட்டு."

உம்மா சிரித்தார். அதை என் கையில் போட்டுவிட்டு, மோதிரம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். தங்கம் மென்மையான சாமான், இளகிவிட்டது, மாமா சொன்னது சரிதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு, நான் ஜக்கிலிருந்து மோதிரத்தை எடுத்துப் பெருவிரலில் போட்டுப் பார்த்தேன்.