செருப்பு விடாமல் உள்ளே போனவர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றைக்கும் தடுமாறுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பல வருடமாக எழுத நினைத்து, கூச்சத்தால் தள்ளிப்போட்ட விஷயம் இது.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். திருவனந்தபுரத்தில், டவுனை விட்டுக் கொஞ்சம் வெளியே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் பனி வீடு ஒன்று கட்டினார்கள். நான் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். அதுவரை சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை சுமந்துகொண்டிருந்தேன். கூட மூட்டை தூக்கிய ஒருவர் சொல்லித்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன்.

பனி வீடு என்றால் கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு குளிர் அறை. ராத்திரி மெஷின் பனியைத் தூவி வைத்திருக்கும். காலையில் போனதும் மண்வெட்டியால் அதைச் சமன் செய்வது என் முதல் வேலை. ஒரு பக்கம் பனியைக் குவித்துச் சறுக்கு மேடு கட்டியிருந்தோம். அதன் மேலிருந்து பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்து வழுக்கி வரலாம். போட்டோ பிடிக்க நீளமான சறுக்குக் கட்டையும் இரண்டு கம்பும் உண்டு. முண்டு வேட்டியை மடித்துக் கட்டி, மேலே கம்பளிக் கோட்டு மாட்டி, கையில் கம்போடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! புடவையை பூட்ஸுக்குள் சொருகிக்கொண்டு வழுக்கி விழுந்து சிரித்த பெண்கள் எத்தனை பேர்! "இது ஒரிஜினல் பனியா?" என்று தினமும் யாராவது கேட்பார்கள். நான் வேறு பனியைப் பார்த்ததில்லை. ஆமாம் என்று தலையாட்டுவேன்.

வெளியே வேர்த்து ஊற்றும் வெயில், உள்ளே மூக்கு நுனி மரத்துப்போகிற குளிர். ஒரு நாளைக்கு முப்பது தடவை உள்ளே போய் வெளியே வருவேன். கால் விரல்கள் சிவந்து அரிக்கும். ஈரக் கம்பளி நாற்றம் சட்டையை விட்டுப் போகாது. இருந்தாலும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

கோட்டு கொடுப்பது ஒரு மலையாளி சேச்சி. செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு பூட்ஸ் கொடுப்பது நான். வாசலில் சுவரோடு மரப் பொந்துகள் அடித்திருந்தார்கள். ஒருவர் செருப்பை ஒரு பொந்தில் வைப்பேன். பக்கத்திலேயே பூட்ஸ் மாட்டும் கொக்கிகள். ஒரு ஆட்டம் இருபது நிமிடம். அது ஆனதும் விசில் ஊதுவேன். எல்லாரும் வெளியே வந்து பூட்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போவார்கள். பொந்தில் செருப்பு இல்லை, கொக்கியில் பூட்ஸ் குறையவில்லை என்றால் உள்ளே ஆள் இல்லை என்று கணக்கு. பூட்டுவதற்கு முன் உள்ளே ஒரு சுற்று நடந்து பார்க்க வேண்டும் என்றுதான் உத்தரவு. ஆரம்பத்தில் நடந்தேன். பிறகு பொந்தை மட்டும் பார்த்தேன். ஒரு நாளும் தப்பியதில்லை.

எனக்கு மனிதர்களை நிமிர்ந்து பார்க்கக் கூச்சம். வருகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். யார் செருப்பு எது என்று கேட்காமலே எடுத்துக் கொடுப்பேன். "நம்ம அண்ணாச்சிக்கு ஆளோட முகம் அறியாது. செருப்பு மாத்ரம் அறியும்" என்று சேச்சி கேலி செய்வார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும்.

கார்த்திகை மாதம் முதல் வாரம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தின கடைசி ஆட்டம். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்திருந்தது. பத்மநாபரைக் கும்பிட்டுவிட்டு வந்தவர்கள். அதில் ஒருவர் மட்டும் கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை.

"சாமி, செருப்ப இப்பிடி விடுங்க" என்றேன், வழக்கம்போலக் குனிந்தபடி.

"செருப்பு ஏது சாமி? மாலை போட்டிருக்கேன்ல" என்றார்.

வெறும் கால். பூட்ஸை நீட்டினேன். வேண்டாம் என்றார். "எங்க மச்சானுக்கு ஐயப்பன் பனியிலயும் லீவு குடுக்க மாட்டாராம்" என்று கூட வந்தவர் சிரித்தார். வெறும் காலோடு யாரையும் விடக்கூடாது. ஆனால் மாலை போட்டவர்களுக்கு என்று ஒரு வழி வைத்திருந்தோம். கனத்த கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி மாட்டி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டி விடுவோம். அப்படியே செய்தேன். "எனக்கு ஒரு வேலை மிச்சம் சாமி" என்றுகூடச் சொன்னேன்.

விசில் ஊதினேன். எல்லாரும் வந்தார்கள். செருப்புகள் போயின. பொந்து காலி. பூட்ஸ் முழுசாகக் கொக்கியில். கோட்டுகள் குவியலாகக் கிடந்தன, அதைச் சேச்சி சாயங்காலம்தான் எண்ணுவார். நான் விளக்கை அணைத்தேன். பனி இறுகுவதற்காகக் குளிரைக் கூட்டி வைத்தேன். ஒரு சாண் கனமுள்ள கதவை இழுத்து வெளிக் கொண்டியைப் போட்டுவிட்டு, பொதிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்தேன்.

பாதிச் சாப்பாட்டில் ஒரு அம்மா வந்து நின்றார்.

"அண்ணே, எங்க வீட்டுச் சாமியப் பாத்தீங்களா? படகு விடுற பக்கம் போயிருப்பார்னு நெனச்சோம். அங்க காணும்."

நான் அவர் செருப்பைப் பார்த்தேன். பச்சை வார், இடது பக்கம் ஊக்கு குத்தியது. மூன்றாவது பொந்து.

"எல்லாரும் வந்தாச்சும்மா" என்றேன்.

"கறுப்பு வேட்டிண்ணே. கால்ல செருப்புகூட இருக்காது."

செருப்பு இருக்காது. சோற்றுக் கையோடு ஓடினேன்.

கதவைத் திறந்தேன். கதவுக்கு நேர் பின்னால் இருட்டில் நின்றுகொண்டிருந்தார். துண்டைக் கிழித்து இரண்டு காலிலும் சுற்றியிருந்தார். கதவைத் தட்டித் தட்டிக் கை சிவந்திருந்தது. உதடு நீலம். சறுக்கு மேட்டுக்குப் பின்னால் பை கிழிந்து பனி உள்ளே போயிருக்கிறது. உட்கார்ந்து திரும்பக் கட்டியிருக்கிறார். விசில் கேட்டும், கால் மரத்துச் சட்டென்று எழ முடியவில்லை. அதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. அந்த இருட்டில் கிட்டத்தட்ட கால் மணி நேரம்.

அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வெயிலில், சிமெண்ட் தரையில் உட்கார வைத்தேன். அவர் காலை என் மடியில் வைத்துத் தேய்த்தேன். சேச்சி பால் விடாத கட்டங்காப்பி கொண்டு வந்தார். அந்த அம்மா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். சாமிக்குப் பல் கிட்டித்துப் பேச்சு வரவில்லை. வந்ததும் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"சாமி, நீங்க சாப்பிட்டுட்டு இருந்தீங்களா? கால் பூரா சோறு."

அப்போதுதான் பார்த்தேன். என் கைச் சோறெல்லாம் அவர் பாதத்தில் ஒட்டியிருந்தது.

மச்சான்காரர் ஓடி வந்து என் சட்டையைப் பிடித்தார். "மாலை போட்டிருக்கேன் மச்சான். எனக்காகச் சண்டை வேண்டாம்" என்று சாமி தடுத்தார். அதற்குள் மேனேஜர் சார் வந்துவிட்டார். என்னைத் தனியே இழுத்து மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். விசில் கேட்டும் வேண்டுமென்றே ஒளிந்துகொண்டார் என்று சொல்லிவிடு, உள்ளே போய்ப் பார்த்தேன், ஆளைக் காணோம் என்று சொல்லிவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். தலையாட்டினால் போதும். அதுவரை என் வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் தலையைத்தான் ஆட்டியிருக்கிறேன். ஆட்டாவிட்டால் மறுபடி அரிசி மூட்டை.

சாமி வெயிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தை முழுதாக நிமிர்ந்து பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. காதோரம் மட்டும் நரை.

"ஞான் உள்ளே போய் நோக்கியில்ல சாரே" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. பிறகு தமிழில் அவரிடம், "செருப்ப மட்டும்தான் பாத்தேன் சாமி. உள்ள வந்து பாக்கல. தப்பு என்னோடது" என்றேன். அவ்வளவு பேர் முன்னால் அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை.

மேனேஜர் முகம் கறுத்துவிட்டது. நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன். அதற்குள் சாமி, "சார், இவர அனுப்பிடாதீங்க. இனிமே இவர் மாதிரி உள்ள போய்ப் பாக்குற ஆள் உங்களுக்குக் கிடைக்க மாட்டாங்க" என்றார்.

ஒரு வாரம் வேலையில்லாமல் நிறுத்தி வைத்துவிட்டு, திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். திரும்பிப் போன அன்று நீல வார் ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனேன். மாலை போட்டவர் யார் வந்தாலும் அவர் பேருக்குப் பொந்தில் அந்தச் செருப்பை வைப்பேன், அவர் வெளியே வந்ததும் எடுப்பேன். ஆனாலும் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் உள்ளே போய், மேட்டுக்குப் பின்னால் வரைக்கும் நடந்து, "யாராவது இருக்கீங்களா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டுத்தான் பூட்டுவேன். அந்த வெற்றுப் பனியில் என் குரலை நானே கேட்பது முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. "அண்ணாச்சி பேசத் தொடங்கிப் போயி" என்று சேச்சி சிரிப்பார்.

கரண்டுச் செலவு கட்டுப்படியாகாமல் சில வருடத்தில் பனி வீட்டை மூடிவிட்டார்கள். கடைசி நாள் பனியெல்லாம் உருகி வாசல் வழியாக ஓடியது. நானும் சேச்சியும் பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றோம். இப்போது கழக்கூட்டத்தில் ஒரு அடுக்குமாடியில் காவல் வேலை. மொட்டை மாடிக் கதவைப் பூட்டுமுன் இன்றும் ஒரு சுற்று நடந்து குரல் கொடுக்கிறேன். கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற பிள்ளைகளை முகம் பார்த்து, "சாப்டாச்சா?" என்று கேட்கிறேன்.

அந்தச் சாமியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்த வேலையில் ஆயிரக்கணக்கான செருப்புகளை ஞாபகம் வைத்திருந்தேன், இன்றைக்கு அந்த அம்மாவின் பச்சை வாரைத் தவிர ஒன்றுகூட நினைவில் இல்லை. செருப்பே விடாமல் உள்ளே போனவரின் முகம் மட்டும், புருவத் தழும்போடு, அப்படியே இருக்கிறது.

எழுதி முடித்தது: கார்த்திகை ஒன்றாம் தேதி, காலை.