சூடானால்தான் பிடிக்குமாம்!

மாட்டு மணிச் சத்தம் கேட்டால், வீட்டுக் கதிரையில் உட்கார்ந்திருந்தாலும் என் வலக்கால் தானாகவே பிரேக்கைத் தேடி அழுந்துகிறது.

தெற்கிலுள்ள பந்தயத் தடத்தில் ஓடவும், நாரந்தனை வீட்டிலிருந்து வேலைக்குப் போகவும் ஏற்றபடி என் பழைய ஜப்பான் காரை மாற்றித் தரச்சொல்லி, யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜ்காரரிடம் கொடுத்தேன். அவர் புது பிரேக் பேட் பூட்டினார். தடத்தில் அது நினைத்த இடத்தில் பிடித்தது; காற்றுக்கே கடிவாளம் போட்டதுபோல இருந்தது.

வீடு திரும்பிய மறுநாள் காலை, குளிர்ந்து கிடந்த காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். முதல் வளைவில் அயல்வீட்டு மேரியக்கா கழுத்துமணி குலுங்கும் தன் சினைப்பசுவோடு தெருவைக் கடந்துகொண்டிருந்தா. பிரேக்கை அழுத்தினேன். கார் காது கேளாததுபோலப் போய்க்கொண்டே இருந்தது. ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினேன். பசுவின் வாலை உரசாத குறையாக விலகி, கிடுகு வேலிக்குள் புகுந்து நின்றேன்.

“தம்பி, நீர் காரோ ஓட்டுறீர், வள்ளமோ? நிப்பாட்ட ஏலாதோ?” அக்கா பசுவின் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி கத்தினா.

ஊர்ந்து ஊர்ந்து கராஜுக்குப் போனேன்.

“அது பந்தய பேட் அண்ணை. சூடானால்தான் பிடிக்கும். உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சனான்.”

நினைத்தாராம்! பூட்டத் தெரிந்த கைக்கு, சொல்ல ஒரு வாய் இல்லாமல் போனதா?

இப்போது தெருவுக்கு வேறு பேட். பந்தய பேட்டைப் பெட்டியில் கொண்டுபோய், தடத்தில்தான் பூட்டுகிறேன். எதை மாற்றினாலும், வீட்டு வளவுக்குள் ஓட்டி நிறுத்திப் பார்க்காமல் தெருவில் இறங்குவதில்லை.

அன்று புறப்படும்போது கராஜ்காரர் வாசல்வரை வந்தார்.

“கோவிக்காதேங்கோ அண்ணை. காலமை நாலைஞ்சு தரம் அழுத்திச் சூடாக்கிப்போட்டு ஓடுங்கோ.”

“ஓம். சூடாகுமட்டும் பசு நடு றோட்டிலை பாத்துக்கொண்டு நிக்குமோ?”