தலைப்பிரசவமும் விலாச மாற்றமும்

குடியுரிமைச் சட்டம், பிரிவு 7A. இந்தியரை மணந்த வெளிநாட்டவர், திருமணம் பதிவாகி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் அந்த மணவாழ்வு இடைவிடாது நிலைத்திருந்தால், ஓசிஐ என்னும் 'வெளிநாட்டு இந்தியக் குடிமகன்' அட்டைக்குத் தகுதியானவர். ஒரே கூரையின்கீழ் வசிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை. ஒரே ஊரில் என்றும் இல்லை. நான் தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். ஒரு விதியில் என்ன இல்லை என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். என்ன இருக்கிறது என்பதை மனுதாரரே வந்து சொல்லிவிடுவார்.

இந்தச் சட்டம் எங்கள் ஓடைப்பட்டி வீட்டுக்குள் நுழைந்தது என் மகனால். மிளகு வாங்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவன், கொள்முதலுக்கு என்று வியட்நாம் போனான். மிளகை அனுப்பிவிட்டு, கொஞ்ச நாள் கழித்து ஒரு பெண்ணோடு வந்து நின்றான். சார்பதிவாளர் அலுவலகத்தில் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவு செய்தோம். மருமகள் கணவனைச் சார்ந்த நுழைவு விசாவில் தங்கினாள். எங்கள் தெருவில் அதற்குக் கல்யாண விசா என்று பெயர். அதை அவ்வப்போது நீட்டிக்க வேண்டும், அதில் இருக்கும்வரை வேலைக்குப் போக முடியாது. ஒவ்வொரு நீட்டிப்புக்கும் கணவனும் மனைவியும் சேர்ந்து நிற்கும் போட்டோ கேட்பார்கள். திராட்சைப் பந்தலுக்குக் கீழே எடுத்த அந்தப் போட்டோக்களில் வருஷத்துக்கு வருஷம் குலைகள் மட்டும்தான் மாறின.

அவள் என் மனைவியிடம் தமிழ் படித்தாள். அதனால் அவள் பேசுவது அச்சு அசல் ஓடைப்பட்டித் தமிழ். மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பதில் இரண்டு நாட்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை என்று தெரிந்த அன்றே மாமியாரும் மருமகளும் ஒரு கட்சியாகிவிட்டார்கள்.

இரண்டு ஆண்டு முடிந்ததும் ஓசிஐக்கு விண்ணப்பித்தோம். பெயரில்தான் குடிமகன் இருக்கிறாரே தவிர, அது குடியுரிமை அல்ல. ஆனால் அது கையில் இருந்தால் ஆயுளுக்கும் விசா கேட்காமல் இங்கே வாழலாம், வேலை பார்க்கலாம், தாயைப் பார்க்கப் போய்விட்டுத் திரும்பி வரலாம். டீக்கடைக்காரர் விசாரித்தார்.

"என்னமோ ஓசி கார்டாம்ல. ஓசின்னா நமக்கும் ஒன்னு எழுதிப் போடுறது?"

"ஓசின்னு பேருதான்யா. கட்டுன பணத்துக்கு உன் கடையில ஆறு மாசம் டீ குடிக்கலாம்."

"அப்ப எனக்கு வேணாம். நீங்க டீயைக் குடிங்க."

விண்ணப்பித்த சமயம் மருமகளுக்கு ஏழாம் மாதம். அவள் விசா அந்த ஆண்டோடு முடிகிறது. பிறக்கப்போகும் குழந்தை, தகப்பன் வழியில், பிறந்த நிமிஷமே இந்தியக் குடிமகன். பெற்றவள் மட்டும் விசாவில். அட்டை வருவதற்குள் ஏதாவது சிக்கல் என்றால், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நாட்டைவிட்டுப் போ என்று கடிதம் வரலாம். இதை நான் வீட்டில் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மருமகளே கேட்டாள்.

"மாமா, கார்டு வரலைன்னா என்னை அனுப்பிருவாகளா?"

"அதெல்லாம் நடக்காது."

"சட்டத்துல அப்படிப் போட்டுருக்கா?"

சட்டத்தில் அப்படிப் போட்டிருக்கவில்லை. அவளும் என்னிடம் கொஞ்சம் படித்திருந்தாள்.

இதற்கிடையில் என் மனைவிக்கு வேறொரு கவலை. வளைகாப்புப் போட்டு, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டும். தாய்வீடு கடலுக்கு அந்தப் பக்கம். அங்கே அவள் அம்மா நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறார், விட்டுவிட்டு வர முடியாது. இவளை விமானத்தில் அனுப்பவும் முடியாது.

"இங்கனயே பெத்துக்கிறட்டுமே," என்றேன்.

"ஊரு என்ன சொல்லும்? நாதியத்த பிள்ளைன்னு சொல்லும்."

கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ராவுத்தர் ஒருவர் எனக்கு நெடுநாள் நண்பர். விஷயம் அவர் மனைவி காதுக்குப் போனது. அடுத்த நாளே காரில் வந்து இறங்கினார்.

"எனக்கு மூணும் பயலுக. பொம்பளப் பிள்ளைக்குப் பிரசவம் பாக்குற கொடுப்பினை இல்லையேன்னு இருந்தேன். ஏங்க அண்ணே, எங்க வீட்டுக்கு அனுப்புங்க. நான் தாயா நிக்கிறேன்."

வளைகாப்பு ஆனியில் நடந்தது. கம்பத்திலிருந்து சீர் வந்தது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு என்று முறைப்படி வரிசை கட்டிய தூக்குச்சட்டிகளுக்குப் பின்னால், முறையில் இல்லாத ஓர் அண்டா பிரியாணியும் வந்தது. அதுதான் முதலில் தீர்ந்தது. வியட்நாம் அம்மா போன் திரையில் இருந்தபடி மகள் கையில் வளையல் ஏறுவதைப் பார்த்தார். ராவுத்தர் மனைவி, இப்போது எங்களுக்குக் கம்பத்து அம்மா, திரையைப் பார்த்துத் தமிழில் ஏதோ சொன்னார். வியட்நாம் அம்மா தன் மொழியில் ஏதோ சொன்னார். மொழிபெயர்க்க வந்த என் மகனை இரண்டு பேரும் கையமர்த்திவிட்டார்கள். அன்று மாலை மருமகள் கம்பம் போனாள்.

விசாரணைக்குப் போலீஸ் வரும் என்று எனக்குத் தெரியும். எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தேன்: உண்மையைச் சொல்லுங்கள், கேட்டதற்கு மட்டும் சொல்லுங்கள். காவலர் ஆடி மாதத்தில் ஒரு நாள் வந்தார். நான் ஒருவருடைய பட்டா மாறுதலுக்காக உத்தமபாளையம் போயிருந்தேன். என் மனைவி காபி கொடுத்து உபசரித்திருக்கிறாள். நடந்ததை அவளே பெருமையாகச் சொன்னாள்.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் இங்கனதான் இருக்காகளான்னு கேட்டாரு. எப்படி இருப்பாக, ஒரு மாசமா தனித்தனியாத்தான் இருக்காகன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"பொண்ணு எங்கேன்னாரு. கம்பத்துல ராவுத்தர் வீட்டுலன்னேன். எப்ப வரும்னாரு. பிறந்து மூணு மாசம் ஆகாம நாங்க கூப்பிட மாட்டோம், அதெல்லாம் முறை தவறாமச் செய்யிற குடும்பம்னு சொன்னேன். எழுதிக்கிட்டுப் போனாரு."

எழுதியிருந்தார். அடுத்த மாதம் மின்னஞ்சலில் அறிவிப்பு வந்தது. விசாரணையில் தம்பதி இணைந்து வாழவில்லை எனத் தெரிகிறது, மனைவி கணவர் குடும்பத்துக்கு உறவில்லாத வேறொரு வீட்டில் வசிக்கிறார், குறிப்பிட்ட விலாசத்தில் இல்லை, விளக்கம் தேவை. அந்தக் காவலர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கண்டதை எழுதியிருக்கிறார், கேட்டதை எழுதியிருக்கிறார். நான் பயிற்சி கொடுத்த யாரும் அவ்வளவு சுத்தமாக அறிக்கை எழுதியதில்லை.

தங்குமிடம் மாறினால் வெளிநாட்டவர் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாத விதியல்ல. ஆனால் பிரசவத்துக்குப் போவதைத் தங்குமிட மாற்றம் என்று எங்கள் பக்கத்தில் எவன் நினைப்பான்? என் தாய் போனாள், என் மனைவி போனாள், அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த பெண்கள் எல்லோரும் போனார்கள். யாருடைய ரேஷன் கார்டும் மாறியதில்லை.

மூன்று பக்கத்துக்கு விளக்கம் எழுதினேன். 7A-வை எடுத்துக்காட்டி, மணவாழ்வு நிலைத்திருத்தல் வேறு, ஒரே இடத்தில் வசித்தல் வேறு என்று பிரித்துக் காட்டினேன். பதில் இல்லை. நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். அதற்கும் இல்லை.

"எத்தனை பேரு மனுவுக்குப் பதில் போடாம இருந்திருப்பீக. இப்பத் தெரியுதா?" என்றாள் மனைவி.

"நான் எல்லாத்துக்கும் பதில் போட்டிருக்கேன்."

"'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது'ன்னுதான போட்டீக."

ஆவணியில் கம்பத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். அதைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், மாவட்டத் தலைமையகத்தில் வெளிநாட்டவர் பதிவைக் கவனிக்கும் பிரிவுக்கு நேரிலேயே போனேன். அங்கிருந்த எழுத்தர் இளைஞர், மரியாதை தெரிந்தவர்.

"விளக்கமெல்லாம் நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா விலாசம் மாறினதைத் தெரிவிக்கலையே?"

"விலாசம் மாறல. பிரசவத்துக்குப் போயிருக்கு."

"அதையும் தெரிவிக்கணும் சார். விலாசம் இல்லாம நாங்க யாரை எங்க போய்ப் பாக்குறது?"

இணையத்தில் விலாச மாற்றப் படிவத்தைத் திறந்தோம். காரணம் கேட்டது. வேலை, படிப்பு, வாடகை, மற்றவை. 'மற்றவை'யைத் தேர்ந்தெடுத்து, அதன் எதிரே 'தலைப்பிரசவம்' என்று போட்டேன். எழுத்தர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்தார். மறு விசாரணை கம்பம் விலாசத்துக்கு உத்தரவாயிற்று.

அது நடப்பதற்குள் குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. வந்தவர் ஒரு பெண் சப் இன்ஸ்பெக்டர். இந்த முறை நானும் இருந்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என்று நானே முடிவு செய்து ஒரு நாற்காலியில் வாயை மூடி உட்கார்ந்திருந்தேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"வீட்டுக்காரர் வந்து பாக்குறாரா?" என்று மருமகளிடம் கேட்டார்.

"தினமும் வாராக. வந்தா போக மாட்டேங்குறாக. அம்மாதான் வெரட்டி விடுறாக."

சப் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து அவள் முகத்தை ஒரு தடவை, பாஸ்போர்ட்டை ஒரு தடவை பார்த்தார். "இந்தத் தமிழை எங்க படிச்சீங்க?"

"அத்தைகிட்ட. அவுக வைஞ்சா நல்லா வெளங்கும்."

அவர் கம்பத்து அம்மா பக்கம் திரும்பினார். "இவுங்க உங்களுக்கு என்ன முறை?"

"மக."

"விண்ணப்பத்துல அம்மா பேரு வேற இருக்கு."

"அது பெத்த அம்மா. இருங்க, கூப்பிடுறேன்." அதற்குள் போனில் கூப்பிட்டேவிட்டார். வியட்நாம் அம்மா கையில் கரண்டியோடு திரையில் வந்து, சீருடையைக் கண்டு திடுக்கிட்டு, பிறகு குழந்தையைக் கண்டு சிரித்தார். அந்த நேரம் பார்த்து என் மகன் இரண்டு பை டயப்பரோடு உள்ளே நுழைந்தான்.

"ஏலே, இப்பத்தான போன, அதுக்குள்ள வந்துட்ட?" என்றார் கம்பத்து அம்மா.

சப் இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே சொன்னார்: "எனக்கும் மூத்தவன் பிறக்கும்போது கெங்குவார்பட்டியில அம்மா வீட்டுலதான் ஆறு மாசம் இருந்தேன். எங்க வீட்டுக்காரர் அப்ப ராமநாதபுரத்துல. எங்களை யாராவது விசாரிச்சிருந்தா என்ன எழுதியிருப்பாகளோ."

அறிக்கையில் என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் மேஜையின் எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாக எழுத்தைப் படிப்பது என் தொழிலில் அடிப்படைத் தகுதி. 'தலைப்பிரசவத்தை முன்னிட்டு, இப்பகுதி வழக்கப்படி' என்பதுவரை படித்தேன். என் மூன்று பக்கத்தில் அந்த வழக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பிறகு மறுபடியும் மௌனம். கார்த்திகை பிறந்தது. குழந்தைக்கு மூன்று மாதம் நிறைந்தது. தாயையும் பிள்ளையையும் அழைத்துவர மனைவி நாள் பார்த்தாள். நான் தடுத்துவிட்டேன்.

"பதில் வராம நகரக்கூடாது. இப்ப கம்பம்தான் விலாசம். இங்கன கூட்டிட்டு வந்த மறுநாள் அங்கன போலீஸ் போய் நின்னா, திரும்பவும் முதல்லருந்து."

"மார்கழி பொறந்தா கூட்டிட்டு வர முடியாது. பெறவு தைதான்."

"தை வரட்டும்."

"விசா தை வரைக்கும் இருக்கா?"

இல்லை. அது எனக்கும் தெரியும், மருமகளுக்கும் தெரியும். நீட்டிப்புக்கும் விண்ணப்பித்திருந்தோம், அதுவும் இதே அறிக்கையை நம்பித்தான் நின்றது. அவள் தினமும் காலையில் போனில் என்னைக் கூப்பிட்டு, "வந்துச்சா மாமா?" என்பாள். நான் மின்னஞ்சலைத் திறந்து பார்த்துவிட்டு, "பரிசீலனையில் உள்ளது," என்பேன். அவள் சிரிப்பாள். நாள் ஆக ஆக அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

அன்றைக்கு அவள் கூப்பிடுவதற்கு முன்பே நான் கூப்பிட்டேன். விண்ணப்பம் ஏற்கப்பட்டது, அட்டை அச்சுக்குப் போகிறது என்று இரண்டே வரி. வாசித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் கம்பத்து அம்மாவின் குரல்தான் கேட்டது: "அழுகுறா அண்ணே. நல்ல சேதிதான?"

நல்ல சேதிதான் என்றேன். இரண்டு நகல் எடுத்துக்கொண்டு, விலாச மாற்றத்தையும் முறைப்படி பதிவு செய்துவிட்டு, நிதானமாக அழைத்து வரலாம் என்று மனைவியிடம் சொல்லத் திரும்பினேன். அவள் ஏற்கனவே மகனோடு காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"நகலை நீங்க எடுங்க. நாங்க பிள்ளையை எடுத்துட்டு வாரோம். விடிஞ்சா மார்கழி."

கார் கிளம்பிய பிறகு, விலாச மாற்றப் படிவத்தைத் திறந்தேன். காரணம், மற்றவை. அதை முடித்து அனுப்பிவிட்டு, கோப்பை எடுத்து மேலுறையில் குறித்தேன்: பதில் பெறப்பட்டது, கார்த்திகை கடைசித் தேதி, திங்கட்கிழமை.