செல்வி அக்கா நிறுத்தவிடாத மாத்திரை

செல்வி அக்கா இறந்துவிட்டார். இன்று காலை, கடை திறக்கக் கிளம்பும்போது... தலையில் ரத்தக் கசிவாம். நாற்பத்தேழு வயதுதான்.

பழவேற்காடு பஜாரில் மெடிக்கல் ஷாப் வைத்திருந்தவர். தினமும் திருப்பாலைவனத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். எங்கள் குப்பத்தில் பாதிப் பேருக்கு டாக்டர் பெயர் தெரியாது, செல்வி அக்காவைத் தெரியும்.

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் போனவருடைய பெருமையை எழுதுவார்கள். நான் என் முட்டாள்தனத்தை எழுதுகிறேன். அக்காவுக்கு அதுதான் பிடிக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு. ஏரியில் இறால் வலை இழுக்கும்போது நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, மூச்சு வாங்க ஆரம்பித்தது. சென்னைக்குக் கூட்டிப் போய் எக்கோ எடுத்தோம்.

இதயத் தசை தடித்திருக்கிறது, நன்றாகச் சுருங்குகிறது, ஆனால் சரியாகத் தளரவில்லை என்றார்கள். தினமும் ஒரு மாத்திரை. நிறுத்தவே கூடாது.

நான் பி.எஸ்சி. ஆயிற்றே, சும்மா இருப்பேனா? மாத்திரை பெயரை கூகுளில் போட்டேன். ‘கால்சியம் சேனல் பிளாக்கர்’ என்று வந்தது. கால்சியத்தையே தடுக்கிற மாத்திரை! நைனாவுக்கு ஏற்கெனவே முட்டி வலி... அன்றைக்கே நிறுத்தினேன்.

அதோடு விட்டேனா? “எலும்பை அரிக்கிற மாத்திரை, உஷார்” என்று குப்பத்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் நோட் வேறு போட்டேன்.

நைனா எனக்கு மேலே போனார். போன கால்சியத்தை ஈடுகட்ட, மட்டிச் சிப்பி சுட்ட சுண்ணாம்பைக் கரைத்து, தெளிந்த தண்ணீரை மோரில் ஊற்றிக் குடித்தார். ஏரிக்கரையில் சிப்பிக்கா பஞ்சம்?

மாத்திரை வாங்க நான் வராததைக் கவனித்து அக்காவே ஃபோன் செய்தார். பெருமையாக விஷயத்தைச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் கட் செய்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டி எங்கள் வாசலில் நின்றது.

நைனா சுவரில் சாய்ந்தபடி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார், ஆட்டோவை வரச்சொன்னார், பொன்னேரியில் டாக்டர் நைனாவைப் பார்த்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் என்னிடம் சொன்னதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

நைனா வீடு திரும்பிய பிறகு அக்கா வந்து எதிரே உட்கார்ந்தார்.

“மாமா, நெஞ்சு ஒவ்வொரு தபா அடிக்கும்போதும் தசைக்குள்ள கொஞ்சூண்டு கால்சியம் பூருது. அது போய், உள்ள சேத்து வெச்சிருக்கிற கால்சியத்த எழுப்பி உடுது. எல்லாம் சேந்து தசைய இறுக்குது. அப்பால அது அதும் எடத்துக்குத் திரும்பணும். அப்பதான் தசை தளரும், ரத்தம் ரொம்பும்.”

“என்துல திரும்பலியா?”

“சட்டுனு திரும்ப மாட்டேங்குது. உங்க பாட்டுல, முறை முடிஞ்சவன் வலைய எடுக்காம குந்திக்கினு இருந்தா இன்னா ஆவும்?”

ஏரியில் யார் எந்த நாள் எங்கே வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைப்பதைத்தான் பாடு என்போம். அதை மீறுகிறவனைக் கண்டால் நைனாவுக்கு ஆகாது.

“ரகளதான் ஆவும்.”

“அந்த ரகளதான் உன் நெஞ்சுல. இந்த மாத்திர உள்ள பூர்றத கொறைக்குது, அதனால தசைக்குத் தளர நேரம் கெடைக்குது. எலும்புல கீற கால்சியம் வேற சமாச்சாரம். அத்த இது தொடாது. சுண்ணாம்புத் தண்ணியக் குடிச்சு வவுத்தப் புண்ணாக்கிக்காத.”

நைனா மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

என்னை மட்டும் லேசில் விடவில்லை. மறுநாள் கடைக்கு வரவழைத்து, ஸ்டூலில் உட்காரவைத்து, நான் சொன்னது தப்பு என்று குரூப்பில் வாய்ஸ் நோட் போடச் சொன்னார். முணுமுணுத்தேன். அழித்துவிட்டு மறுபடி பேசச் சொன்னார்.

“போன வாட்டி எவ்ளோ தெம்பா பேசினே... அதே தெம்பா பேசு தம்பி.”

மூன்றாவது தடவைதான் ஓகே ஆனது. என் பேச்சைக் கேட்டு இதே வகை மாத்திரையை நிறுத்தியிருந்த இரண்டு வீடுகளுக்கும் அக்காவே நேரில் போய், அவர்களை டாக்டரிடம் அனுப்பினார்.

அவரிடம் திட்டு வாங்கியவர்கள் எல்லோரும் இன்றைக்கு நன்றாக இருக்கிறோம்.

போன வாரம்கூட, “எக்கோ எடுத்தாச்சா? ரிப்போர்ட்ட என்னாண்ட காட்டிட்டுப் போ” என்றார். நேற்று எடுத்தோம். தசை முன்னைவிட நன்றாகத் தளர்கிறது என்று டாக்டர் சொன்னார். இன்று காட்டலாம் என்று இருந்தேன்...

நாலு மணிக்கு எடுக்கிறார்கள். நைனா காலையிலேயே சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். “நானும் ஒரு பக்கம் தோள் குடுப்பேன். வாணாம்னு மட்டும் சொல்லாத” என்கிறார்.

பளு தூக்கக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. இந்த மூன்று வருடமாக, நைனா விஷயத்தில் எதுவானாலும் அக்காவுக்கு ஒரு ஃபோன் போட்டுவிட்டுத்தான் செய்வேன். இன்றைக்கும் கை ஃபோனைத்தான் எடுத்தது.

நாலு அடி மட்டும் தூக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

தப்பாக இருந்தால் திட்டு, அக்கா. நாலு மணிக்கு வருகிறோம்.